மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு: டோனி அயோமியின் கை போட்ட கணக்கு

சேலத்தில் கிட்டாரில் ஹெவி மெட்டல் வாசிக்கக் கிளம்பும் கல்லூரிப் பையன்கள் பெரும்பாலும் மூன்று காரியம் செய்வார்கள். கடையில் இருப்பதிலேயே தடித்த கம்பி செட்டைக் கேட்டு வாங்குவார்கள். ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்) சத்தத்தை முறுக்கும் கெயின் குமிழைக் கடைசிவரை திருப்புவார்கள். தாழ்ந்த சத்தத்துக்கான பேஸ் குமிழையும் அப்படியே. சத்தம் என்னவோ பெரிதாகத்தான் வரும். ஆனால் எந்த ஸ்வரம் எங்கே போகிறது என்று தெரியாது. சேற்றைக் கலக்கிவிட்டது போல இருக்கும். இந்த இசைக்கே அஸ்திவாரம் போட்ட, பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமி மூன்றிலும் எதிர்த்திசையில் போனவர். கடையில் கிடைத்ததைவிடச் சன்னமான கம்பி போட்டார். ஆம்புக்குச் சத்தம் போகும் முன்பே பேஸைக் குறைத்தார். தேவையான உறுமலை வலது கையின் கட்டுப்பாட்டிலும் கம்பியின் தளர்விலும் எடுத்தார். வலது கை என்றால், கம்பியைத் தட்டும் சிறு தகடான பிக்கைப் பிடிக்கும் கை அல்ல. அவர் இடதுகைக்காரர், கழுத்திலுள்ள உலோகத் தடுப்புகளான ஃப்ரெட்டில் விரல் வைப்பது வலது கை. அந்தக் கையில்தான் கதையே இருக்கிறது.

டோனி அயோமி பிறந்தது 1948 பிப்ரவரி 19இல், இங்கிலாந்தின் பர்மிங்காமில். இரும்புத் தகடும் லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் ஊர். இரும்பாலைப் பக்கம் தகடு வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஊரின் நாடியைத் தனியாக விளக்க வேண்டாம். 1965இல் அவருக்கு 17 வயது. தகடு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. ஜெர்மனிக்குப் போய் வாசிக்க ஒரு குழுவோடு ஏற்பாடாகி, வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. கடைசி நாளையும் ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். பிரஸ்ஸில் தகட்டை வளைத்துக் கொடுக்கும் பெண் அன்று வரவில்லை. பழக்கமில்லாத மெஷினில் அயோமியை நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கியது, கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார், நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் மெஷினிலேயே நின்றுவிட்டன. இன்று இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். வேகம் வேண்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டும் பட்டறைக்காரர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இனி கிட்டார் வேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். 1928இல் நடந்த தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கி, மீதி இரண்டை வைத்தே ஜாஸ் உலகை ஆண்டவர் ஜாங்கோ. அயோமிக்கு அது போதுமாக இருந்தது.

விரலுக்கு ஒரு தொப்பி

ரொம்பப் பேர் இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள். ஆனால் இது நுணுக்கமான கைவேலை. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டையாக்கினார். சால்டரிங் அயர்னின் சூட்டு முனையால் அதில் விரல் நுழையும் குழி போட்டார். மணிக்கணக்கில் உப்புத்தாள் தேய்த்து விரல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தால் கம்பியில் வழுக்கியது. பிளாஸ்டிக்கின் பிடிமானம் அவ்வளவுதான். மேலே தோல் ஒட்டினார். பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டு. புதுத் தோலில் எதிர்ப்பிரச்சினை: கம்பியைக் கவ்விக்கொண்டு சறுக்க விடாது. தேய்த்துத் தேய்த்து லேசாகப் பளபளப்பு ஏறிய பிறகுதான் பிடிக்கவும் சறுக்கவும் இரண்டுக்கும் தோதாகும்.

அளவிலும் சிக்கல் உண்டு. தொப்பி பெரிதானால் ஒரு கம்பியை அழுத்தும்போது பக்கத்துக் கம்பியும் முட்டும். சிறிதானால் உள்ளே இருக்கும் புண் வலிக்கும். தளர்வாக இருந்தால் கம்பியை வளைத்து இழுக்கும்போது தொப்பியே கழன்றுவரும். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒன்று மட்டும் திரும்பி வராது: தொடு உணர்வு. எந்தக் கம்பியைத் தொடுகிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்த இரண்டு விரலுக்கும் தெரியாது. கண்ணும் காதும்தான் சொல்ல வேண்டும்.

விரலின் வேலையை எளிதாக்க அடுத்த வழி, கம்பியைச் சன்னமாக்குவது. 1960களின் நடுவில் கிட்டாருக்கு மெல்லிய செட் அங்கே கடையில் கிடையாது. பாஞ்சோ கம்பிகளை வாங்கி மெல்லிய கம்பிகளின் இடத்தில் போட்டார். தடித்த கம்பிகளையும் ஒவ்வொரு அளவு குறைத்துக்கொண்டார். கம்பி தயாரிப்பவர்களிடம் மெல்லிய செட் கேட்டபோது, யாரும் வாங்க மாட்டார்கள் என்று கையை விரித்தார்கள். கடைசியில் வேல்ஸில் இருந்த பிகாட்டோ நிறுவனம் செய்துகொடுத்தது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் துளைத்தகட்டில் வெள்ளிக்கம்பியை இழுத்துச் சன்னமாக்குபவருக்கு, ஒரு துளை தள்ளிப் போட்டால் கம்பியின் குணமே மாறிவிடும் என்பது தெரியும். கிட்டாரிலும் அப்படித்தான். 0.010 அங்குலத்துக்கும் 0.009 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இழுவிசையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

காந்தாரம் இல்லாத கார்டு

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ஹெவி மெட்டலின் உயிர்நாடியான பவர் கார்டை நம் கணக்கில் சொன்னால் ச-ப, தேவைப்பட்டால் மேல் ஸ. காந்தாரம் கிடையாது. தம்புராவின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்.

முழு 'பார்' (barre) கார்டைப் பிடிக்கும்போது விரல்கள் எங்கே உட்காருகின்றன என்று பாருங்கள். சுட்டுவிரல் எல்லாக் கம்பிகளையும் படுத்து அழுத்தும். பஞ்சமத்தை மோதிரவிரலும் மேல் ஷட்ஜத்தைச் சுண்டுவிரலும் எடுத்துக்கொள்ளும். காந்தாரம் நடுவிரலின் பங்கு. உணர்வில்லாத விரலில் ஒன்று அது. காந்தாரத்தை விட்டுவிட்டால் சுட்டுவிரலும் சுண்டுவிரலுமே காரியத்தை முடித்துவிடும். பவர் கார்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே ராக் இசையில் இருந்தது. அந்தக் கைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது, அவ்வளவே. முழு கார்டும் அவர் வாசிப்பார். மெதுவான பாடல்களில் கேட்கலாம். ஆனால் பாரம் ஏற்ற வேண்டிய இடங்களில் ச-ப தான்.

இதற்கு ஒலியியல் காரணமும் உண்டு. ஆம்பை டிஸ்டார்ஷனுக்கு, அதாவது சத்தம் உடைந்து உறுமும் நிலைக்குத் தள்ளும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் தனி ஸ்வரமாகப் பிறக்கும். ஷட்ஜம் 110 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 165 என்றால் வித்தியாசம் 55. அது சரியாகக் கீழ் ஸ்தாயி ஷட்ஜம்! கிட்டாரில் இல்லாத ஒரு ஸ்வரம் அடியில் நின்று தாங்குகிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் கதை மாறுகிறது. ஃப்ரெட் கிட்டாரின் சமப்படுத்திய சுருதியில் பஞ்சமம் சுத்த சுருதியிலிருந்து 2 சென்ட்தான் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். அந்தர காந்தாரமோ ஏறக்குறைய 14 சென்ட் உயர்ந்து நிற்கும். சுத்தமான சத்தத்தில் காது அதை மன்னித்துவிடும். டிஸ்டார்ஷனில் அந்த விலகல் பெருகி இரைச்சலாகும்.

மேடைக்கு வந்த வழி

1968இல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், பேஸ் கிட்டார் வாசிக்கும் கீஸர் பட்லர், டிரம்ஸ் பில் வார்டு ஆகியோருடன் சேர்ந்தார். முதலில் போல்கா டல்க், பிறகு எர்த், அதன்பின் பிளாக் சப்பாத் என்று பெயர் மாறியது. இடையில் அந்த ஆண்டு டிசம்பரில் ஜெத்ரோ டல் குழுவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவந்தார். முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பது போலவே ஸ்டுடியோவிலும் வாசித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அது வெளியானது.

அந்தப் பதிவின்போது அவருடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் பழுதானது. கைவசம் மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரை எடுத்தார். பழுதான பிக்கப் ஒரு இசை வகையின் கருவியையே தீர்மானித்தது என்றால் மிகையில்லை. அந்த எஸ்ஜி வலதுகைக்காரர்களுக்கானது. இவர் தலைகீழாகத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு, இடதுகை எஸ்ஜியை வைத்துத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்த வலதுகைக்காரர் ஒருவரைச் சந்தித்தார். இருவரும் மாற்றிக்கொண்டார்கள். குரங்குப் படம் ஒட்டிய அந்தச் சிவப்பு எஸ்ஜிதான் பின்னாளில் அவருடைய அடையாளம்.

சேலத்து இடதுகைக்காரர்களுக்கு இது இன்றும் பொருந்தும் செய்தி. இடதுகை கிட்டார் கடையில் தயாராகக் கிடைப்பது அபூர்வம். வலதுகைக் கிட்டாரைத் திருப்புவதென்றால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டிய எஸ்ஜி வடிவம் தோதானது. மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை தடையில்லாமல் போகும். கம்பி வரிசையை மாற்றினால், கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் நட்டையும் மாற்ற வேண்டும். மெல்லிய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த கம்பி உட்காராது. தடித்த கம்பியின் பள்ளத்தில் மெல்லியது ஆடி இரையும். ஸ்ட்ராப் குமிழை இடம் மாற்றி, பிரிட்ஜில் இன்டோனேஷனை (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வதை) முதலிலிருந்து வைக்க வேண்டும். வால்யூம் குமிழ் முழங்கையில் இடிப்பதற்கு மட்டும் மருந்தில்லை.

ப்ரதி மத்யமத்தின் அச்சம்

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வாக்கியம்) மூன்றே ஸ்வரம். ஆறாம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் ஜி. நான்காம் கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டில் அதன் மேல் ஸ்தாயி ஜி. பிறகு ஐந்தாம் கம்பியின் 4ஆம் ஃப்ரெட்டில் சி ஷார்ப். அங்கே விரல் அடுத்த ஃப்ரெட்டைத் தட்டித் தட்டி நடுங்கும். ஜியை ஷட்ஜமாக வைத்தால் ச, ஸ, ம2 (ப்ரதி மத்யமம்). அவ்வளவுதான்.

ம2 நமக்கு அந்நியமா என்ன? கல்யாணியில் தினம் கேட்பதுதான். ஆனால் கல்யாணியில் அது காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில், இருபுறமும் சொந்தக்காரர்களோடு வரும். பஞ்சமத்தை நோக்கி ஏறும்போது இனிக்கும். இங்கே பஞ்சமம் அந்த நடுக்கத்தில் தொட்டுப்போவதோடு சரி, அதில் வந்து நிற்பதில்லை. ஷட்ஜத்துக்கு நேரெதிரே, ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இடத்தில் ம2வைத் தனியாக நிற்கவைத்துவிட்டு, அதற்கு வழியும் காட்டாமல் விட்டுவிடுகிறார் அயோமி. வேகமும் மெதுவானது. காது தீர்வுக்குக் காத்திருக்கிறது. மறுபடி ஷட்ஜம்தான் வருகிறது. மேற்கத்திய இசைக் கோட்பாட்டில் இந்த இடைவெளிக்குப் பிசாசின் பெயர் ஒட்டிக்கொண்டது. தேவாலயம் தடை செய்தது என்று பரவலாகச் சொல்வது ஊதிப் பெரிதாக்கிய கதை. தவிர்க்க வேண்டியது என்று ஏடுகள் சொன்னதுதான் உண்மை. இந்த ரிஃபுக்கு உடனடி விதை வேறு. ஹோல்ஸ்ட் இயற்றிய ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பில் செவ்வாய்க் கிரகத்துக்கான பகுதியைக் கீஸர் பட்லர் பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வாசிப்பவர்கள் பொதுவாக நடுக்கத்தில் தவறுவார்கள். நான்காம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை அசையாமல் ஊன்றி, அடுத்த விரலை மட்டும் சுத்தியல் போல இறக்கி ஏற்ற வேண்டும். மணிக்கட்டு ஆடினால் அது கமகம் போல ஆகிவிடும். ரிஃபின் குளிர்ச்சி போய்விடும்.

மூன்று கட்டையிலிருந்து இறங்கியது

முதல் இரண்டு ஆல்பங்களும் வழக்கமான சுருதியில்தான். ஆறாம் கம்பி ஈ, நம் கணக்கில் மூன்று கட்டை. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் எல்லாக் கம்பிகளையும் மூன்று அரைஸ்வரம் இறக்கினார். ஆறாம் கம்பி சி ஷார்ப், ஒன்றரைக் கட்டை. கீஸர் பட்லரும் பேஸை இறக்கினார். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'இன்டூ தி வாய்டு' இரண்டையும் கேட்டால் என்ன நடந்தது என்று தெரியும். நாதஸ்வரத்தில் திமிரியின் கீச்சிலிருந்து பாரியின் கனத்துக்கு வந்ததை அறிந்தவர்களுக்கு, சுருதி இறங்கினால் பொழுதே மாறிவிடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

விரல் வலிக்காகத்தான் சுருதியை இறக்கினார் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். காலவரிசை அதற்கு முழுதாக இடம் தரவில்லை. விபத்து 1965இல். மூன்று கட்டையிலேயே இரண்டு ஆல்பம் முடித்து, அமெரிக்கா வரை சுற்றிவந்த பிறகு சுருதி இறங்குகிறது. வலிக்கு அவர் முதலில் கண்ட மருந்து பாஞ்சோ கம்பி. சுருதி இறக்கம் கைக்குச் சுகம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சத்தத்தைக் காது கேட்டு விரும்பியது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

கணக்கைப் பார்ப்போம். மூன்று அரைஸ்வரம் இறங்கினால் ஆறாம் கம்பியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 69.3க்கு வரும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போவதால், அதே கம்பியில் 29 சதவீதம் குறைந்துவிடும். ஃபெண்டர் கிட்டாரின் கம்பி நீளமான 25.5 அங்குலத்தில் 9-42 செட் (மெல்லியது 0.009, தடித்தது 0.042 அங்குலம்) ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 38 கிலோ விசையோடு இழுக்கும். சி ஷார்ப்பில் அது 27 கிலோ. 10-46 செட் போட்டால் 33. 11-49 போட்டால் மறுபடி 38 பக்கம். அதாவது, 11-49 செட்டை சி ஷார்ப்பில் போடுபவர் கையில் 9-42 செட் ஈயில் இருக்கும் விறைப்புதான் தெரியும். எஸ்ஜியின் நீளம் 24.75 அங்குலம், அதனால் எல்லா எண்ணிலும் இன்னொரு 6 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம்.

அயோமி விறைப்பை ஈடுகட்ட முயலவில்லை. தளர்வை வைத்துக்கொண்டே வாசித்தார். தளர்ந்த கம்பியில் விரலைச் சிறிது அசைத்தாலே ஸ்வரம் நிறைய நகரும். அகலமான வைப்ரேட்டோ (ஸ்வரத்தை அசைத்து நடுங்கவைப்பது), சோலோவில் சரசரவென்று வரும் தட்டல், ஆரம்ப ரிஃபில் ஆறாம் கம்பி முனகிக்கொண்டு எழும் விதம் எல்லாம் இதன் பலன். மூன்று கட்டையிலேயே வாசித்த 'அயர்ன் மேன்' தொடக்கத்தில் சன்னக் கம்பியே அந்தத் தளர்வைத் தந்தது: நட்டுக்கு அப்பால், முறுக்காணிப் பக்கம் கம்பியை அமுக்கி ஸ்வரத்தை ஏற்றும் வேலை, விறைத்த கம்பியில் விரலைத்தான் அறுக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு அசைவுக்கும் ஸ்வரம் நகரும் என்றால் தெரியாமல் அசைத்தாலும் நகரும். சேலத்துப் பையன்கள் சி ஷார்ப்புக்கு இறக்கியதும் சுருதி சேரவில்லை என்று கிட்டாரைக் குறை சொல்வது இங்கேதான். பிக்கால் ஓங்கி அடித்தால் கம்பி முதல் கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். இடக்கை கட்டைவிரலால் கழுத்தை நெரித்துப் பிடித்தால் கார்டு முழுக்க ஏறிவிடும். உணர்வில்லாத விரலோடு அயோமி பழகிய மெல்லிய அழுத்தம் இங்கே தானாகவே கைகொடுத்தது. உணர்வுள்ள விரல்காரர்கள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துக்கொண்டே ஒரு பவர் கார்டைப் பிடித்து, முள் ஏறாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்திப் பழகுவது ஒரு வாரத்து வேலை.

கிட்டாரைத் தயார்செய்வது

எந்த செட் என்று கேட்டால், அயோமியின் அகல வைப்ரேட்டோ வேண்டுபவர் 10-46 போடலாம். வேக ரிஃபில் ஓங்கி அடிப்பவருக்கு 11-49. அதற்கு மேலே தடித்தது வேண்டாம். நட்டுப் பள்ளத்தில் கம்பி சிக்கி, டியூன் செய்யும்போது டிக் டிக் என்று துள்ளும். சிக்கினால் அரத்தால் அகலப்படுத்தலாம்; ஆழப்படுத்தக் கூடாது, ஒரு மயிரிழை ஆழம் போனாலும் திறந்த கம்பி இரையும்.

மிதக்கும் ட்ரெமோலோ (ஸ்பிரிங்கின் இழுப்பில் நிற்கும் பிரிட்ஜ்) உள்ள கிட்டார் சி ஷார்ப்புக்கு உகந்ததல்ல. ஒரு கம்பியை இறக்கினால் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்து மற்ற ஐந்தையும் ஏற்றிவிடும். அரை நாள் போகும். நிலையான பிரிட்ஜே நல்லது.

வரிசை முக்கியம். முதலில் கம்பியைப் போட்டு வேண்டிய சுருதிக்கு இறக்கி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மெல்லிய செட்டோடு இறங்கினால் இழுவிசை குறைந்து கழுத்து பின்னோக்கி நிமிரும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் இரைச்சல் வந்தால் அதுதான் அறிகுறி. முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஆறாம் கம்பியை அழுத்திக்கொண்டு, 7ஆம் ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. இருக்கலாம். இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பிவிட்டு மரம் முறுக்கிக்கொண்டது என்று வருபவர்கள் உண்டு. அதன்பின் 12ஆம் ஃப்ரெட்டில் உயரம்: தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5. தளர்ந்த கம்பி அகலமாக ஆடும் என்பதால் இதற்குக் கீழே இறக்கினால் இரையும்.

இன்டோனேஷன் கடைசியில்தான். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு எடுக்கும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலை நட்டிலிருந்து தள்ளிப் பின்னால் நகர்த்த வேண்டும். சுருதி இறங்கிய கிட்டாரில் ஆறாம் கம்பி எப்போதுமே இன்னும் பின்னால் போகக் கேட்கும்.

மலை ஏறும்போது

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் டியூன் செய்த கிட்டார் ஏரிக்கரையில் இறங்கும்போது அப்படியே இருக்காது. மலைமேல் வெயில் காலத்தில்கூட 8, 10 டிகிரி குறைவு; குளிரில் எஃகு சுருங்கும், சுருதி ஏறும். கம்பியின் கணக்கை மட்டும் எடுத்தால், 10 டிகிரி இறக்கத்துக்கு மெல்லிய கம்பி 10, 15 சென்ட் ஏறும். தடித்த சுற்றுக் கம்பி அதைவிட அதிகம், அதன் உள்கம்பியில் விறைப்பு குறைவு என்பதால். ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிய கிட்டாரில் இந்த விலகல் இன்னும் கூடும். மூன்று கட்டைக் கிட்டார்க்காரரும் ஒன்றரைக் கட்டைக் கிட்டார்க்காரரும் ஒரே வேனில் போனால் பின்னவருக்குத்தான் வேலை அதிகம். பறை வாசிப்பவர்கள் தீயில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றுவார்கள். கிட்டாரில் அது தலைகீழ். சூடு பட்டால் இறங்கும்.

கோடை விழாக் காலத்தில் மலையில் வாசிக்கப் போகிறவர்கள் பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிறகு திறந்து இன்னொரு அரை மணி விட்டு டியூன் செய்வது உத்தமம். பனிமூட்டத்தின் ஈரம் கழுத்து மரத்தில் ஏற நாள்கணக்கில் ஆகும். கம்பியில் ஏற ஒரே இரவு போதும். வாசித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தால் துரு தள்ளிப்போகும். இதைவிடக் கொடுமை, ஏப்ரல் மத்தியானத்தில் சேலத்தில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுப்போவது. பசை இளகும், அப்புறம் ட்ரஸ் ராடு ஒன்றும் செய்யாது.

ஆம்புக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி

அயோமியின் ஆம்ப் லேனி. 1967இல் பர்மிங்காமிலேயே தொடங்கிய நிறுவனம். 100 வாட் வால்வு ஆம்ப். அதற்கு முன்னால் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர். உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், நுழைவாயிலில் 0.005 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அவ்வளவு சிறிய கெப்பாசிட்டர் வழியே பேஸ் நுழைய முடியாது. மேல் அதிர்வெண்கள் மட்டும் பெருகிப் போய் வால்வை முட்டித் தள்ளும்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சேற்றுக்கு மருந்து இங்கே இருக்கிறது. டிஸ்டார்ஷனுக்கு முன் பேஸ் அதிகம் இருந்தால் அதுவே ஆம்பின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும். மேல் ஸ்வரங்கள் அதனோடு சேர்ந்து கலங்கும். முன்னால் குறைத்துவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் ஆம்பின் பேஸ் குமிழில் வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண 20 வாட் பயிற்சி ஆம்பில் கெயின் பாதிக்குச் சற்று மேல், மிட் 6 அல்லது 7, பேஸ் 4, முன்னால் ஒரு ஈக்வலைசர் பெடலில் 100 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்கினால் ஒன்றரைக் கட்டையிலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக நிற்கும். ஆம்பில் ஹம் அதிகமென்றால் பிக்கப்பைக் குறை சொல்லும் முன் பிளக் பாயின்டில் எர்த் வருகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பதுண்டு.

ஜெர்மானியம் பூஸ்டரை ஆசைப்பட்டு வரவழைப்பவர்கள் கவனிக்க: ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் சுமார் 10 டிகிரிக்கு இரட்டிப்பாகும். இங்கிலாந்தின் 15 டிகிரி அறைக்கு பயாஸ் (டிரான்சிஸ்டரின் இயங்குநிலை) வைத்த சுற்று, சேலத்து மே மாதத்தில் நிலைதடுமாறி, சத்தம் மெலிந்து கரகரக்கும். அதே பெடல் ஏற்காட்டில் நன்றாக வேலை செய்யும். சிலிக்கானில் செய்த பிரதி சற்றுக் கூர்மையாக ஒலித்தாலும் சேலத்துக்கு அதுதான் தோது.

பிறகு வந்த ஆண்டுகள்

1979இல் ஓஸி நீக்கப்பட்டு, பாடகராக ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தில் ரிஃப்கள் நீண்டு, சோலோவுக்கு மெட்டு கூடியது. பாடுபவரின் குரல் மாறினால் கிட்டாரின் வாக்கியமும் மாறும் என்பதற்கு இது நல்ல பாடம். அதன்பின் பாடகர்கள் வந்துபோனார்கள். எல்லா ஆல்பத்திலும் இருந்த ஒரே ஆள் அயோமி. 2012 தொடக்கத்தில் லிம்ஃபோமா புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே வாசித்து முடித்த '13' ஆல்பம் 2013இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அங்கே குழுவுக்கு 1970க்குப் பிறகு கிடைத்த முதலிடம் அது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் பழைய நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி ஓஸி காலமானார்.

குழுவாக இதை வாசிக்கப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் மிச்சம். கிட்டார்க்காரர் மட்டும் ஒன்றரைக் கட்டைக்கு இறங்கிவிட்டு, பேஸ்காரர் மூன்று கட்டையிலேயே நின்றால் கடைசிக் கீழ் ஸ்வரங்களுக்கு அடியில் தளம் இருக்காது. சி ஷார்ப் பவர் கார்டின் அடியில் பிறக்கும் வித்தியாச ஸ்வரம் 35 ஹெர்ட்ஸ். எந்தச் சிறிய கிட்டார் ஸ்பீக்கரும் அதைத் தராது. அந்த இடம் பேஸுடையது. நான்கு கம்பி பேஸை இறக்கினால் சாதாரண 45-105 செட் தளர்ந்து ஃப்ரெட்டில் சடசடக்கும். 50-110 போட்டால் நிற்கும். கீபோர்டு இருந்தால் டிரான்ஸ்போஸ் பட்டனில் மைனஸ் 3. பாடுபவரிடம் ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கச்சேரி பாடிப் பழகிய ஆண் குரலென்றால் ஒன்றரைக் கட்டை அவருக்கு வீட்டு வாசல்.